கலவரம் எங்கிருந்து வருகிறது?

1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், உரிமமின்றி நடந்த மதுக்கூடம் ஒன்றில் போலீசார் நடத்திய சோதனை, 43 உயிர்களைப் பலிகொண்ட கலவரமாக வெடித்தது. கலவரங்களின் காரணங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் அதில் திட்டமிட்ட சதி எதையும் காணவில்லை. காவல்துறையின் கெடுபிடி, வேலையின்மை, கறுப்பின மக்களை நெரிசலான குடியிருப்புகளில் முடக்கிய பாகுபாடு ஆகியவற்றையே 1968இல் காரணங்களாகச் சுட்டியது. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, கறுப்பின மக்களுக்கு வேலையும் சுதந்திரமும் கேட்டு 1963 ஆகஸ்டில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாஷிங்டனில் அமைதியாகத் திரண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமையும் தெளிவான கோரிக்கைகளும் இருந்தன. டெட்ராய்டில் அவை இல்லை, எரிந்தவையோ பெரும்பாலும் அம்மக்களின் சொந்தத் தெருக்களே. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், அதை வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக முடித்துவிடும் ஆட்சியாளர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஆணையத்தின் முக்கியப் பரிந்துரைகளை ஜான்சன் அரசே கிடப்பில் போட்டது.