டிரேசிங் வீலும் என் கன்னமும்

ஈரோட்டில் பத்தொன்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஊசி விரலில் ஏறினால் துடைத்துக்கொண்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள், பருத் தழும்புக்காக முகத்தில் நுண்ணூசி குத்தும் மைக்ரோநீட்லிங் சிகிச்சைக்குப் போனபோது, தோல் மருத்துவரிடம் "வலிக்குமா?" என்று மூன்று முறை கேட்டேன்.

பதினாறு வயதில் வந்த பருக்கள் இருபத்தைந்தில்தான் ஓய்ந்தன. போகும்போது இரண்டு கன்னத்திலும் பள்ளம் பறித்துவிட்டுப் போயின. அளவு கொடுக்க வரும் பெண்கள் "அம்மை போட்டிருந்ததா அக்கா?" என்பார்கள். நானும் ஆமாம் என்றே சொல்லிவிடுவேன். அம்மைக்கு ஒரு மரியாதை உண்டு, பருவுக்குக் கிடையாது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் இணையத்தில் 600 ரூபாய்க்கு ஒரு டெர்மா ரோலர், அதாவது வீட்டிலேயே முகத்தில் உருட்டிக்கொள்ளும் ஊசி உருளை, வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. துணியில் அடையாளம் போட உருட்டுவோமே டிரேசிங் வீல், அதன் தம்பி மாதிரி இருந்தது. 540 ஊசி என்று அட்டையில் போட்டிருந்தார்கள். தாடையில் இரண்டு பரு பழுத்திருந்ததைப் பொருட்படுத்தாமல் உருட்டினேன். நான்காம் நாள், உருட்டிய தடம் முழுவதும் புதுப் பருக்கள்.

அதைவிடக் கொடுமை, நாத்தனார் கேட்டாள் என்று அதே ரோலரை வெந்நீரில் அலசிக் கொடுத்தேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து அழகு நிலையம் ஒன்று 2018இல் மூடப்பட்டது. அங்கே ரத்தமும் ஊசியும் வைத்துச் செய்யும் 'வாம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு ஹெச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

மருத்துவர் என் பள்ளங்களை மூன்றாகப் பிரித்தார். ஆணி இறங்கினாற்போல் குறுகி ஆழ்ந்தவை, பெட்டிபோல் விளிம்பு செங்குத்தானவை, அலைபோல் மெல்லக் குழிந்தவை. "கடைசி வகைதான் ஊசிக்கு நன்றாக மசியும். முதல் வகையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்" என்றார். காயம் பட்டால் தடிக்கும் தோலா என்று அறிய, காது குத்திய இடத்தில் தழும்பு தடித்திருக்கிறதா என்று மடலைப் பிடித்துப் பார்த்தார். லேசர் வேண்டாமா என்று கேட்டேன். நம் நிறத்துத் தோலில் வெப்பம் பட்டால் கருமை படிய வாய்ப்பு அதிகம், ஊசியில் அந்த ஆபத்து குறைவு என்றார்.

மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு பேனா போன்ற கருவி வந்தது. எனக்கு அது தையல் இயந்திரத்தின் தலைதான். ஊசிகள் நேராக இறங்கி நேராக ஏறுகின்றன. ரோலரில் சாய்ந்து நுழைந்து சாய்ந்தே வெளிவரும். கோணல் ஊசி கிரேப் துணியை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1997இல் கனடாவைச் சேர்ந்த இருவர், மை ஊற்றாத பச்சை குத்தும் இயந்திரத்தால் தழும்புகளைக் குத்திப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். படித்தபோது, அவர்கள் வீட்டில் யாராவது தையற்காரர் இருந்திருப்பார் என்று தோன்றியது.

கன்னத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். அங்கே பொறுத்துக்கொண்டேன். எலும்பை ஒட்டிய நெற்றியிலும் மேலுதட்டிலும்தான் கண்ணீர் வந்தது. பொடிப்பொடியாக ரத்தம் துளிர்த்ததும் நிறுத்திவிட்டு, உப்பு நீர் நனைத்த துணியால் துடைத்தார்கள். வெயிலில் அலைந்தவள்போல இரண்டு நாள் முகம் சிவந்திருந்தது. மஞ்சள் பூசச் சொன்ன மாமியாரிடமிருந்து தப்பித்தது தனிக்கதை.

மாதம் ஒன்றாக நான்கு அமர்வு, ஒவ்வொன்றுக்கும் 3,500 ரூபாய். காயம் பட்ட தோல், தனக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாகக் கட்ட மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். நான்தான் தினமும் கண்ணாடி பார்த்து ஏமாந்தேன். ஆறாம் மாதம், கடையில் பக்கவாட்டிலிருந்து விழும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது, அலைப் பள்ளங்களில் பாதிக்குமேல் நிரவியிருந்தன. பெட்டிப் பள்ளங்களின் விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருந்தது. பொட்டருகே இருக்கும் இரண்டு ஆணிப் பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

அவற்றுக்கு அமிலம் தொட்டு வைக்கும் முறை ஒன்று இருக்கிறதாம். தீபாவளித் தையல் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.