டப் பத்தாமல் போனபின்: குளியல் நாட்குறிப்பு

2024 நவம்பர் 9

பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிகிறது. டப்பில் சாய்த்து வைத்தால் குதிகால் எதிர்ப்பக்கம் முட்டுகிறது. முட்டியதும் அதையே உதைத்து உந்தி எழும்பப் பார்க்கிறாள். டப் பத்தவில்லை என்பதற்கு இந்த உந்தல்தான் சரியான அடையாளம், நீளம் அல்ல. வலை மாட்டிய டப் என்றால் இன்னும் மோசம்: உட்கார எத்தனிக்கும் பிள்ளையின் கனம் முழுக்க ஒரு பக்கம் விழுந்து, வலையின் கொக்கி கழன்றுவிடும். அடியில் அச்சிட்டிருக்கும் எடை வரம்பைப் பார்த்து இன்னும் இரண்டு கிலோ இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் எடைக்கு முன்னால் துறுதுறுப்பு வந்துவிடும்.

பழையபடி காலில் போட்டு ஊற்றிவிடலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நான்கைந்து மாதம் வரை அதைப்போல் வசதியான முறை கிடையாது. புரண்டு தவழும் பிள்ளையிடம் அது செல்லாது. முகத்தில் தண்ணீர் பட்டதும் முதுகை வில்லாக வளைத்துப் பக்கவாட்டில் நழுவும், கீழே இருப்பது டைல்ஸ் தரை.

2024 நவம்பர் 12

கடையில் முதலில் கண்ணில் படுவது அன்னக்கூடை. வேண்டாம். வாய் அகலம், அடி குறுகல். பிள்ளை விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தாலே கவிழும். தேவை, அடியும் வாயும் ஏறக்குறைய ஒரே அகலம் உள்ள தட்டையான பேசின். அடி விட்டம் 55 முதல் 60 சென்டிமீட்டர், உயரம் 20 முதல் 25. அதைவிட உயரம் என்றால் குனிந்து தூக்குகிறவர் இடுப்பு போகும். விளிம்பு உட்பக்கமாகச் சுருண்டு மழுங்கியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் கூர்மையான பிசிறு இருக்கும், தொடையைக் கீறும்.

தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரம் போதும். இந்த அளவு பேசினுக்கு அது 12 லிட்டரிலிருந்து 14 லிட்டர் வரும். உட்கார்ந்த நிலையில் தொப்புளைத் தாண்டக் கூடாது. 5 சென்டிமீட்டர்தானே என்ற எண்ணமும் வேண்டாம், ஓர் அங்குலத் தண்ணீரில் மூக்கும் வாயும் அமிழ்ந்தாலே மூச்சு நின்றுவிடும். சத்தம்கூட வராது.

உறிஞ்சுக் கோப்பைகளால் தரையில் ஒட்டிக்கொள்ளும் குளியல் நாற்காலியும் விற்கிறார்கள். நம் குளியலறைக்குப் பொருந்தாத சாமான். வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாகச் செய்த டைல்ஸில் அது ஒட்டாது. வழவழப்பான இடத்தில் ஒட்டினாலும் சோப்பு நீர் புகுந்ததும் விட்டுவிடும். பிள்ளையோடு சேர்ந்து கவிழ்ந்தால் கால்கள் வளையத்துக்குள் மாட்டியிருக்க, முகம் தண்ணீரில் இருக்கும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி இதை வாங்கவே வேண்டாம் என்கிறது. என் கருத்தும் அதுதான். பிடித்திருக்கிற கையைத் தளர்த்தச் சொல்லும் சாமான் எதுவும் குளியலறைக்கு ஆகாது.

2024 நவம்பர் 17

தண்ணீர் விளாவுவது பற்றி.

முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். மாற்றிச் செய்தால், நடுவில் வாசல் மணி அடித்து எழுந்து போகும்போது பேசினில் நிற்பது வெறும் வெந்நீர். தவழும் பிள்ளை அதை நோக்கித்தான் வரும்.

வேண்டிய சூடு 37, 38 டிகிரி. கணக்கு இப்படி: குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, கீசர் தண்ணீர் 60 டிகிரி என்றால், 10 லிட்டருக்கு வெந்நீர் 3, பச்சைத் தண்ணீர் 7. அடுப்பில் கொதித்த தண்ணீர் என்றால் ஒன்றேகால் லிட்டரே போதும், மீதி எட்டேமுக்கால் பச்சைத் தண்ணீர். தொட்டித் தண்ணீர் 24-க்கு இறங்கும் மார்கழிக் காலையில் கீசர் தண்ணீர் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஒரு லிட்டர் மக்கால் எண்ணி ஊற்றினால் இரண்டே நாளில் கை பழகிவிடும். ஆனாலும் பார்க்காமல் விடக் கூடாது, கீசர் ஓடிய நேரத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் சூடு மாறும்.

விளாவிய பின் அடிவரை கையைவிட்டுக் கலக்க வேண்டும். வெந்நீர் மேலேயே மிதக்கும். கலக்காமல் மேலாக்கத் தொட்டால் சுடும், அடியில் சில்லென்று இருக்கும். பிறகு முழங்கையை விட்டுப் பார்க்கவும். உள்ளங்கையை நம்ப வேண்டாம், அடுப்படியில் காய்ந்த கைக்கு 42 டிகிரியும் வெதுவெதுப்புதான். முழங்கைக்குச் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

கீசரை 60, 70-இல் வைத்திருக்கும் வீடுகளே அதிகம். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே பிள்ளையின் தோலை வேகவைத்துவிடும். 50-க்குக் கீழே வைத்தால் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். வெளியே குமிழ் இருந்தால் நாமே திருப்பலாம். மூடிக்குள் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் குறைக்க வேண்டும், மூடியை நாம் கழற்ற வேண்டாம். 50 என்று வைத்தபின் மேலே சொன்ன கணக்கு மாறும்: 28 டிகிரிக் குழாய்த் தண்ணீரோடு 10 லிட்டருக்கு நாலரை லிட்டர் வெந்நீர்.

இன்னொன்று. பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, தண்ணீர் ஆறிவிட்டது என்று வெந்நீர் சேர்க்கவே கூடாது. ஆறிவிட்டால் குளியல் முடிந்தது என்று அர்த்தம்.

2024 நவம்பர் 18

நேற்று விட்டுப்போனது: அலசுவதற்குத் தனியாகச் சின்ன வாளியில் நான்கைந்து லிட்டர் விளாவி வைக்கவும். உங்கள் கைக்கு எட்ட வேண்டும், அவள் கைக்கு எட்டக் கூடாது. துண்டு, மாற்று உடை, டயப்பர் எல்லாம் முன்கூட்டியே. துண்டை மறந்திருந்தால் ஈரத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எடுங்கள். அண்ணன்காரனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அவனுக்கு ஆறு வயதுதான்.

2024 டிசம்பர் 3

எட்டாவது மாதத்தில் பிடிக்கும் முறை. குந்தி உட்கார வேண்டாம், குட்டை முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். பேசின் இரு முழங்கால்களுக்கு நடுவில். இடது கை அவள் முதுகைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து மேற்கையை அக்குளை ஒட்டிப் பிடிக்கும். கட்டைவிரல் தோள்மேல், மற்ற நான்கு விரல்கள் அக்குளில். எவ்வளவு துள்ளினாலும் இந்தப் பிடி நழுவாது. வலது கை வேலைக்கு. இடதுகைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

விளையாட்டு முதலில், சோப்பு கடைசியில். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சோப்பு கலந்த தண்ணீரிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்தால் தோல் வறளும், பெண் குழந்தைக்குச் சிறுநீர் போகும் இடத்தில் எரிச்சல் வரும். மொத்தமாக ஏழெட்டு நிமிடம், அதில் சோப்புக்கு இரண்டு நிமிடம் போதும்.

முகத்துக்கு வெறும் தண்ணீர். பிறகு கழுத்து மடிப்பு, காதின் பின்பக்கம், அக்குள், தொடை இடுக்கு. பால் வழிந்து காய்ந்து நாறுவது காதின் பின்னால்தான், அங்கே கை போவது அபூர்வம். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக மட்டும் கழுவவும், உள்ளே சோப்பு வேண்டாம். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளவே வேண்டாம். அது தானாக விடுபடச் சில ஆண்டுகள் ஆகும், இழுத்தால் கிழிந்து தழும்பாகும்.

தலைக்கு ஊற்றுவதில்தான் பெரும்பாலான அழுகை. காரணம் தண்ணீர் அல்ல, திடீரென்று கண்ணில் விழுவது. நான்காக மடித்த சிறு துணியை நெற்றியில் அழுத்திப் பிடித்து, மேலே எதையாவது காட்டுங்கள். மின்விசிறி நல்ல உபாயம். அண்ணாந்ததும் உச்சியிலிருந்து பின்பக்கமாக, மக்கைத் தலையை ஒட்டி வைத்து மெல்லச் சாய்க்க வேண்டும். ஓர் அடி உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீர்தான் பயமுறுத்துகிறது. ஊற்றும் முன் தினமும் ஒரே சொல்லைச் சொன்னால் சில வாரங்களில் அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கண்ணை மூடிக்கொள்வாள்.

தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இந்த வயதில் முழங்கை மூட்டு லேசாக இழுபட்டாலே நழுவும். பிள்ளை அந்தக் கையைத் தூக்கவே தூக்காது. துண்டை முதலில் அவள் முதுகிலும் அக்குளிலும் சுற்றிவிட்டு, அதன்மேல் இரு கையாலும் பிடித்துத் தூக்கினால் வழுக்காது. துண்டு நனைந்தால் நனையட்டும், இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 22

மார்கழிக் குளிர். காலை ஏழு மணிக்கே குளிப்பாட்டியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, பத்தரைக்கு வெயில் ஏறியதும் வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்தி, குளியலறையில் வெந்நீர் வாளியை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் ஆவியில் அறை கதகதப்பாகும். அதன்பிறகு அந்த வாளி வெளியே போய்விட வேண்டும்.

வாட்டர் ஹீட்டர் ராடு போடும் வீடுகளுக்கு: ராடு போட்ட வாளி பிள்ளை நடமாடாத அறையில், கதவு சாத்தி இருக்கட்டும். இரும்பு, எவர்சில்வர் வாளிகளில் போட வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் உருவிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் அது உடனே வெளியே போக வேண்டும். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மயக்கம் வந்தபிறகுதான் தெரியும். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்துவதால் ஆபத்து கூடுகிறது.

சாம்பிராணி பற்றிச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். தலை காய்வதற்கு நல்ல பருத்தித் துண்டே போதும். புகை, புகைதான்; மூச்சு இழுப்பு வரும் பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது. முகத்துப் பவுடரும் அப்படித்தான், தட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் போகிறது.

2025 ஜனவரி 11

ஒன்பது மாதத் தடுப்பூசி நாள். ஊசி போட்ட அன்று குளிப்பாட்டலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். காய்ச்சல் கண்டு பிள்ளை துவண்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், நடுக்கம் எடுத்து உடம்புச் சூடு இன்னும் ஏறும்.

2025 பிப்ரவரி 8

எண்ணெய்க் குளியல். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி தாராளம். கடுகு எண்ணெய் சிலருக்குத் தோலை எரிச்சலூட்டும். பதினைந்து நிமிடம் ஊறினால் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வரக்கூடும். தண்ணீருக்குக் கொண்டுபோகும் முன், நாம் பிடிக்கப்போகும் இடங்களை, அதாவது அக்குளையும் மேற்கையையும், உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். நம் இடது உள்ளங்கையில் ஈரத் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டால் பிடி இன்னும் உறுதி.

எண்ணெய் போகப் பயத்தம் மாவு என்றால், நைசாகச் சலித்து, தண்ணீரில் குழைத்த பிறகே உள்ளே எடுத்துவர வேண்டும். உலர் மாவைக் கையில் கொட்டினால் மூக்கில் ஏறும். தேய்க்காமல் ஒற்றி எடுக்கவும். கழுத்து மடிப்பில் மிச்சம் நின்றால் மாலைக்குள் புளித்து வாடை வரும், சிவக்கும். தோல் ஏற்கெனவே சொரசொரப்பாக, அரிப்போடு இருக்கும் பிள்ளைக்கு மாவு வேண்டாம்.

சோப்பு பற்றி நிறையக் குழப்பம். கட்டிச் சோப்புகளில் பெரும்பாலானவை காரத்தன்மை கொண்டவை, பிஹெச் 9, 10. தோலோ லேசான அமிலம், 5.5-ஐ ஒட்டி. போர் தண்ணீர் வீடுகளில் இன்னொரு தொல்லை: அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகித் தோலிலேயே தங்கிவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுவோம், படிவு இன்னும் கூடும். குளித்தபின் தோல் இழுத்துப் பிடிப்பதும் முழங்கால் பின்பக்கம் சொறிவதும் அதனால்தான். சிண்டெட் வகை, அதாவது சோப்பு சேராத, குளியல் கட்டி அல்லது திரவம் இந்தப் படிவை உண்டாக்காது. முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டாலும், கடைசியாக அலசும் நான்கு லிட்டராவது கார்ப்பரேஷன் தண்ணீராக இருக்கட்டும். ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே க்ரீம் தடவ வேண்டும்.

2025 மார்ச் 15

பதினோரு மாதம். விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். இனிப் பேசினுக்குள் நிற்க விடக் கூடாது. நின்றால் குளியல் முடிந்தது, வெளியே. பேசினின் அடியில் துளையுள்ள ரப்பர் மேட் போட்டிருந்தாலும் இதே விதிதான். மேட்டைத் தினமும் தூக்கிக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் உறிஞ்சுக் கோப்பைகளுக்குள் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

பீய்ச்சும் ரப்பர் வாத்துகளுக்குள்ளும் அதே பூஞ்சைதான். ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள், இரண்டாவது வாங்க மாட்டீர்கள். துளை இல்லாத பொம்மை, அதைவிட ஒரு எவர்சில்வர் டம்ளரும் வடிகட்டியும் போதும்.

நேற்றுவரை சிரித்த பிள்ளை திடீரென்று பேசினைக் கண்டு அலறுவதும் இந்த மாதங்களில் வரும். தண்ணீர் வடிகாலில் சுழன்று இறங்கும் சத்தம் பெரும்பாலும் காரணம். அவளைத் துடைத்து வெளியே கொண்டுபோன பின்பே தண்ணீரைக் கொட்டுங்கள். ஒரு வாரம் வெறும் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் அல்லது ஈரத்துணித் துடைப்பு. வம்படியாக உட்காரவைத்தால் பயம் நீளும்.

2025 மே 4

கத்திரி வெயில். மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டி, வெயிலில் கிடக்கும் குழாய். மதியம் மூன்று மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது சுடுதண்ணீர். கீசர் போடவில்லை என்ற தைரியத்தில் நேராகக் குழாயடியில் காட்டுகிறவர்கள் உண்டு. முதல் வாளியைப் பிடித்து ஆறவைக்கவும். குளிப்பாட்டக் காலை எட்டு மணிக்கு முன், இல்லையென்றால் இருட்டியபின்.

நடக்கத் தொடங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் குளியலறையில் நிறைந்த வாளி நிற்கவே கூடாது. தண்ணீர்க் கஷ்டக் காலத்தில் எல்லாரும் பிடித்து வைப்போம். வைப்பதானால் இறுக மூடும் டிரம்மில். இந்த வயதில் உடம்பின் மேற்பாதிதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, வாளியும் கவிழாது.

கதவின் உள்தாழ்ப்பாளை இந்த வாரமே பெரியவர் தோள் உயரத்துக்கு மாற்ற வேண்டும். கீழேயிருந்தால் பிள்ளை உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும், திறக்கத் தெரியாது. வெளித் தாழ்ப்பாளும் ஒன்று போட்டு, ஆள் இல்லாத நேரமெல்லாம் சாத்தி வைக்கவும். பழைய ஆணித் துளைகளை மரமெழுகால் அடைத்துவிட்டால் போதும், தச்சருக்கு அரை மணி நேர வேலை.