சென்ட் எனக்கா, பக்கத்து சீட்டுக்கா?

அன்றைக்கு ஆபீஸ் லிஃப்டில் ஆள் யாரும் இல்லை, வாசனை மட்டும் இருந்தது. யாரோ ஏறி இறங்கிப் போயிருக்கிறார்கள். ஆறாவது மாடி வரும்வரை மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே போனேன். மூன்று நாள் கழித்து அதே வாசனையோடு அக்கவுண்ட்ஸ் பெண் ஒருத்தி ஏறினாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பக்காரா ரூஜ் 540, அக்கா. அண்ணன் துபாயில் இருந்து வாங்கிட்டு வந்தான்" என்றாள். சீட்டுக்குப் போய் விலையைப் பார்த்தேன். 70 மில்லி, 30,000 ரூபாயை ஒட்டி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஆசை விடவில்லை. பெரிய பாட்டிலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் குப்பிகளில் பிரித்து விற்பார்கள், டீகாண்ட் என்று பெயர். 5 மில்லி 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை அந்தக் குப்பி.

பெயர்க்கதை சுருக்கமாக. பக்காரா என்பது 1764-இல் தொடங்கிய பிரெஞ்சு படிகக் கண்ணாடி நிறுவனம். அதன் 250-ஆவது ஆண்டுக்காக பிரான்சிஸ் குர்க்ஜியான் என்கிற பிரெஞ்சு சென்ட் தயாரிப்பாளர் செய்த வாசனை இது. முதலில் 250 பாட்டில்கள்தான். 2015-இல் தன் சொந்த பிராண்டிலேயே எல்லோருக்கும் விற்க ஆரம்பித்தார். கண்ணாடியோடு தங்கப்பொடி சேர்த்து 540 டிகிரிக்குச் சூடேற்றினால் சிவப்பு நிறம் வருமாம், அதுதான் பெயரில் உள்ள எண்.

சரி, வாசனை எப்படி? பஞ்சுமிட்டாய் மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? சர்க்கரை உருகி, ஓரம் லேசாகக் கருகும் அந்த நொடி. முதல் பத்து நிமிடம் அதுதான். நான் அடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்ததும் அம்மா, "யாருடி அடுப்புல பாகை வச்சுட்டு வந்தது?" என்று எழுந்து சமையலறைக்கே போய்விட்டார். பிறகு இனிப்பு தணிந்து, குங்குமப்பூவின் மருந்துத்தனமான காரம், மரப்பெட்டியைத் திறந்தது போன்ற உலர்ந்த மணம், அடியில் உப்புக்காற்று போல ஒன்று. என் கணவருக்கு இதில் எதுவும் தெரியவில்லை. "பல் டாக்டர் கிளினிக்" என்றார், ஒரே வார்த்தையில். எரிச்சலாக வந்தது. இணையத்தில் பார்த்தால் அவரைப் போலவே சொல்கிறவர்கள் ஏராளம். அந்தக் குங்குமப்பூ செய்கிற வேலை.

பஞ்சுமிட்டாய் வாசனைக்குக் காரணம் எத்தில் மால்டால் என்கிற ரசாயனம். உப்புக்காற்றுக்கு அம்ப்ராக்ஸன், அதாவது அம்பர்கிரிஸுக்கு மாற்றாக ஆய்வகத்தில் செய்வது. அடிக்கடி பேப்பரில் 'திமிங்கல உமிழ்நீர் கடத்தல், மூவர் கைது' என்று வருமே, அதே அம்பர்கிரிஸ். பஞ்சுமிட்டாய்க்கோ, சாயத்தில் ரோடமின்-பி என்கிற நச்சு ரசாயனம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் நம் அரசு தடை போட்டது. ஆக, இந்த சென்டின் இரண்டு முக்கிய வாசனைகளுமே தமிழ்நாட்டில் கேஸ்!

அடுத்தது, எவ்வளவு நேரம் நிற்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். மே மாதம், கத்திரி வெயில், கரண்ட் வேறு வந்து வந்து போனது. காலை 8 மணிக்கு இடது மணிக்கட்டில் ஒன்று, துப்பட்டாவில் ஒன்று. எட்டரைக்கு முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. டீகாண்ட்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்றே முடிவு கட்டி, திட்டி ஒரு மெசேஜும் டைப் செய்துவிட்டேன். அனுப்பவில்லை, நல்லவேளை. ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கணவர் தட்டை நகர்த்திக்கொண்டு, "இன்னும் பல் டாக்டர் போகலையா?" என்றார். சாயங்காலம் மாடி வீட்டு அக்கா படியிலேயே நின்று, "என்ன வாசனை இது, ஜம்முனு இருக்கே" என்று கேட்டார். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை!

மூக்கு அப்படித்தானாம். ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டே இருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதுவும் அம்ப்ராக்ஸன் மாதிரி கனமான, மெதுவாக ஆவியாகிற பொருள்கள் சிலர் மூக்குக்கு எட்டுவதே கஷ்டம். மணிக்கட்டில் இரவுக் குளியல்வரை இருந்ததாக வீட்டில் சாட்சி சொன்னார்கள். துப்பட்டாவில் மூன்றாம் நாளும் இருந்தது. அலமாரியைத் திறந்தபோது நானே முகர்ந்தேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு தடவை துவைத்த பிறகும் லேசாக இருந்தது.

காசு கணக்குக்கு வருவோம். ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லி என்று வைத்தால் 70 மில்லிக்கு 700 தடவை. ஒரு தடவைக்கு 43 ரூபாய். எங்கள் தெருமுனையில் ஒரு முழம் மல்லிகை சாதாரண நாளில் 40, முகூர்த்த நாளில் 100. அப்படிப் பார்த்தால் அநியாய விலை இல்லை. ஆனால் மல்லிகை காற்றடிக்கும்போதெல்லாம் எனக்கும் மணக்கும். இதுவோ 43 ரூபாயும் என்னுடையது, வாசனை பக்கத்து சீட்டுக்கு.

பத்தில் ஒரு பங்கு விலைக்கு வரும் க்ளோன், அதாவது இதே வாசனையைக் காப்பியடித்த சென்ட் ஒன்றையும் ஆபீஸ் தோழியிடம் வாங்கி அடித்துப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் வெறும் ஸ்பிரிட் நெடி. அப்புறம் நெருங்கி வந்துவிடுகிறது, அந்த உப்புக்காற்று மட்டும் இல்லை. லிஃப்டில் வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது. அதனால் க்ளோனும் வேண்டாம், பெரிய பாட்டிலும் வேண்டாம்.

குப்பியில் மிச்சம் ஒன்றரை மில்லி இருக்கும். அதைத் தினம் காலையில் கணவரின் சட்டைக் காலரில் ஒரு அழுத்து அழுத்திவிடுகிறேன். முணுமுணுத்துக்கொண்டேதான் ஆபீஸுக்குப் போகிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அதே லிஃப்ட் வாசனை.