கெட்டுப்போன பிரதிகளைக் கொண்டுவாருங்கள்

ஒரு கலைஞரைப் பள்ளிக்கு அழைத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். அரங்கில் முந்நூறு பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். அவர் பத்து நிமிடத்தில் ஒரு குதிரையை வரைந்து காட்டுவார். கைதட்டல், குழுப்படம், முடிந்தது. மறுநாள் ஓவிய வகுப்பில் பிள்ளைகள் பழையபடி பூச்சாடிக்கு நிழல் போட்டுக்கொண்டிருப்பார்கள். கலைஞர் வந்தார், போனார். அவருடைய வேலை மட்டும் பள்ளிக்குள் வரவே இல்லை.

அந்தப் பத்து நிமிடக் குதிரைக்குப் பின்னால் கசக்கி எறிந்த தாள்கள் இருக்கின்றனவே, வகுப்புக்கு வரவேண்டியவை அவைதான். ஆகவே அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: சட்டம் போட்ட படங்கள் வேண்டாம், ஏதாவது ஒரே படைப்பின் எல்லாக் கட்டங்களும் வேண்டும். முதல் கிறுக்கல், கைவிட்ட வடிவம், பென்சிலில் திருத்தம் குறித்த சோதனைப் பிரதி, மை அப்பிக் கெட்டுப்போன பிரதி, கடைசியாகக் கையெழுத்திட்டது. இவற்றை வரிசையாகச் சுவரில் ஒட்டிவைத்து, "இதற்கும் இதற்கும் நடுவே எதை மாற்றியிருக்கிறார்?" என்று கேட்டால் போதும். தனியாக உரை எதுவும் தேவைப்படாது.

இதற்குப் பதிப்போவியர்கள், அதாவது மை தடவிய தகட்டிலிருந்தோ பலகையிலிருந்தோ தாளில் படத்தை அச்செடுப்பவர்கள், மிகவும் தோதானவர்கள். சோதனைப் பிரதி எடுப்பதே அவர்கள் தொழிலின் ஒரு பகுதி, அதனால் தவறுகள் தாளிலேயே தங்கிவிடுகின்றன. வியன்னாவில் 1897இல் சிறார் கலை வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சிஷெக், லினோ வெட்டை, அதாவது லினோலியம் விரிப்பை உளியால் வெட்டி மை தடவி அச்செடுக்கும் முறையை, பிள்ளைகள் கையில் கொடுத்த முன்னோடிகளில் ஒருவர். இன்றும் ஒரு வகுப்பறைக்குள் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடிய தொழில்முறைக் கலைகளில் ஒன்று லினோ. அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

நாற்பது பேர் உள்ள வகுப்பு, இரட்டைப் பாடவேளை, அதாவது தொண்ணூறு நிமிடம், கலைஞர் நான்கு முறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 × 45 செ.மீ. லினோ விரிப்பிலிருந்து 10 × 15 அளவில் ஒன்பது துண்டு வரும். ஐந்து விரிப்பு வாங்கினால் நாற்பத்தைந்து; அந்த ஐந்து உபரி கட்டாயம் செலவாகும். தடிமன் 3 மி.மீ. போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: லினோ என்ற பெயரில் தரைக்கு விரிக்கும் வினைலைக் கொடுத்துவிடுவார்கள். உண்மையான லினோலியம் ஆளி விதை எண்ணெய், தக்கைத்தூள், பிசின் ஆகியவற்றைச் சேர்த்துச் சணல் துணிமேல் படியவைத்தது. பின்பக்கம் சணல் நெசவு தெரிந்தால் சரி. வினைலில் உளி வழுக்கும், விரல் வெட்டுப்படும். பழைய லினோ இறுகிப்போயிருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும்.

முதல் வருகையில் வரைதல் மட்டும். மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் வரைந்து, அதை லினோமேல் கவிழ்த்துப் பின்புறம் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். அச்சில் மறுபடி மாறி நேராக வந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் பெயர் வெட்டிய பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்து தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல வரும். பிறகு அழுகைதான்.

இரண்டாவது வருகையில் வெட்டுதல். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் உளி பிடிக்கக் கூடாது. இருபது பேர் வெட்டட்டும், இருபது பேர் வரைவைத் திருத்தட்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். 'வி' உளி இருபது, அகலமான 'யு' உளி ஐந்தாறு இருந்தால் வேலை ஓடும். ஆளுக்கொரு தடுப்புப் பலகை வேண்டும்: ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு, அதன் ஓர் ஓரத்தில் கீழே ஒரு சட்டம், எதிர் ஓரத்தில் மேலே ஒரு சட்டம். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேல்சட்டத்தில் லினோ முட்டி நிற்கும். உளி எப்போதும் தன்னைவிட்டு விலகும் திசையில் போகவேண்டும். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால். வளைவு வந்தால் உளியைத் திருப்பக் கூடாது, லினோவைத் திருப்பவேண்டும். காயங்களுக்குக் காரணம் பெரும்பாலும் கூர்மை அல்ல, மழுங்கல். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளவேண்டியிருக்கிறது, தள்ளினால் வழுக்குகிறது.

மூன்றாவதுதான் முக்கியமான நாள். ஆளுக்கு ஒரே ஒரு சோதனைப் பிரதி. கண்ணாடித் தகட்டில் விரல் நீளத்துக்கு மை பிதுக்கி, ரோலரை முன்னும் பின்னும் உருட்டவேண்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: மெல்லிய, சீரான 'ஸ்ஸ்' ஒலி வந்தால் மை சரி. நசநசவென்று ஒட்டி இழுத்தால் மை அதிகம். அது நுண்கோடுகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஒரே தடவை அப்புவதைவிட மெல்லியதாக நாலைந்து தடவை உருட்டுவது நல்லது. நீரில் கரையும் மை என்றால் மின்விசிறியை அணைத்துவிடுங்கள், தகட்டிலேயே உலர்ந்துவிடும். தாள் தடிமனாக இருந்தால் கையால் தேய்த்து அச்செடுப்பது சிரமம்; 80 ஜி.எஸ்.எம். சாதாரணத் தாளே போதும். கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் தாளை அப்படியே படியவிட்டு மறுபடி தேய்க்கலாம்.

அந்தப் பிரதியில் சிவப்புப் பென்சிலால் "இங்கே இன்னும் வெட்டு" என்று பிள்ளையே குறிக்கவேண்டும். கலைஞர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கலாம். பென்சிலை வாங்கிக்கொள்ளக் கூடாது. பல கலைஞர்களுக்கு இதுதான் ஆகாது, கை துறுதுறுக்கும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நான்காவது நாளில் ஆளுக்கு மூன்று பிரதி. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 120 பிரதிக்கு 360 நிமிடம். ஒரே மை மேசை வைத்தால் வரிசையில் நின்றே வகுப்பு கலைந்துவிடும். நான்கு மேசை வைத்தால் சரியாகத் தொண்ணூறு நிமிடம். கழுவும் நேரம் இதில் சேராது, அதற்கு இடைவேளையை ஒட்டிய பாடவேளையாகக் கேட்டு வாங்குங்கள். பிரதிக்குக் கீழே பென்சிலில் இடப்பக்கம் 1/3 (மூன்றில் முதல் பிரதி), நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. தொழில்முறை ஓவியர் செய்வது அப்படியே. மூன்றும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்ற கண்டிப்பு வந்ததும் வகுப்பில் பேச்சு குறைவதைப் பார்க்கலாம்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிப் பிரதிக்கு மட்டும் போட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். பத்துக்குக் குறைந்தது ஆறு மதிப்பெண் சிவப்புப் பென்சில் குறித்த பிரதிக்கும், அதன்படி நடந்த மாற்றத்துக்கும் போகவேண்டும்.

இனி, ஓவிய ஆசிரியர் எங்கே? கலைஞர் வந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தப் போய்விட்டால் திட்டம் அன்றே செத்துவிட்டது. 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள்: வடிவத்துக்கு ஒரு கலைஞர், கைத்திறனுக்கு ஒரு தொழில்வினைஞர். ஏற்பாடு நல்லதுதான், ஆனால் இருவருக்கும் சம அதிகாரம் இல்லாததால் உரசல் இருந்துகொண்டே இருந்தது. பள்ளியிலும் அதே ஆபத்து உண்டு. கலைஞருக்கு உளி தெரியும். எந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும், யார் யாரோடு உட்காரக் கூடாது என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இருவரும் அதே அறையில் ஒரு மணி நேரம் உட்காரவேண்டும். குழாய் எங்கே, மேசை ஆடுகிறதா, பிரதிகளைக் காயவைக்கக் கயிறு எங்கே கட்டுவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஆசிரியரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு லினோ வெட்டவேண்டும், சுமாராக வந்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். வருகை ஆறு மணி நேரம் என்றால் ஏறக்குறைய அதே அளவு தயாரிப்பு வேலை இருக்கிறது, ஊதியம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். "பிள்ளைகளுக்காகத்தானே" என்று இலவசமாகக் கேட்பது, இது தொழிலே அல்ல என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. பொருள் யார் வாங்குவது, பிள்ளைகளின் படங்களை யார் எங்கே வெளியிடலாம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கலைஞர் போனபின் அடுத்த பருவத்தில் ஆசிரியர் தனியாக ஒரு சுற்று நடத்தவேண்டும். அதற்கு உளிகள் உயிரோடு இருக்கவேண்டும்: துடைத்து, தோல்பட்டையில் நாலு இழுப்பு இழுத்து, முனையில் தக்கை செருகி, எண்ணிப் பெட்டியில் வையுங்கள். ரோலர்களை, அவற்றின் ரப்பர் பகுதி தரையில் படும்படி படுக்கவைக்காதீர்கள், ஒரு பக்கம் தட்டையாகிவிடும், மாட்டித் தொங்கவிடுங்கள்.