முயலுக்கு நாலு எக்ஸ் போதும்

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோவில் திராட்சைத் தோட்ட வேலை பார்ப்பவனிடம் முயல் அழகு என்று சொல்லிப் பாருங்கள். இளங்கொடியின் பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டுப் போகும், கொடி காலி. 1997இல் இங்கே சில விவசாயிகள் பொறுமையிழந்து, தடையை மீறி முயலைக் கொல்லும் வைரஸையே கடத்திவந்து பரப்பினார்கள். முயல்கள் குறைந்தன, அப்புறம் மறுபடி பெருகிவிட்டன. ஆக, லைசென்ஸ் வைத்திருக்கும் எங்களுக்குச் சாயங்கால வேலை பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளோடு நடப்பது. அதன் மேல் எந்த ஸ்கோப், அதாவது தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குறிக்குழாய், வைப்பது என்பதுதான் பேச்சு.

என்னுடையது சி.இசட். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து ஏற்றுவது), மூன்று கிலோவுக்குள். ஒலியைவிட மெதுவாகப் போகும், சத்தம் குறைவான சப்சானிக் தோட்டாதான் போடுகிறேன். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்தால், 75 மீட்டரில் ஒரு கை அகலம் கீழே இறங்கிவிடும். அதற்கு மேல் நான் சுடுவதே இல்லை. இந்தத் தூரத்துக்கு 24 மடங்கு பெரிதாக்கும், முக்கால் கிலோவை நெருங்கும் ஸ்கோப் எதற்கு? மேலே கனம் ஏறினால் நின்றபடி சுடும்போது துப்பாக்கி பக்கவாட்டில் சாயப் பார்க்கும்.

எடை மட்டும் பார்த்தால், பெரிதாக்காமல் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட்தான். நூறு கிராம்கூட இல்லாதவை கிடைக்கின்றன. ஆனால் எனக்குக் கண்ணில் சிலிண்டர் பவர் உண்டு. கண்ணாடி போடாமல் பார்த்தால் சிவப்புப் புள்ளி வட்டமாக இல்லாமல், மிதித்து நசுக்கிய கோவைப் பழம் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரிகிறது. பழுது கருவியிலா கண்ணிலா என்று தெரிய, அதே புள்ளியைச் செல்போன் கேமராவில் பாருங்கள். அதில் வட்டமாக இருந்தால் பழுது நம் கண்ணில்தான்.

அதனால் 4x28 (நாலு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 28 மி.மீ.), மாறாத பவர், இருநூறு கிராம் சொச்சம். வாங்கும்போது 'ரிம்ஃபயர்' (பாயிண்ட் டூ டூ மாதிரி சின்னத் தோட்டா வகை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துதான் எடுத்தேன். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறி நகராத தூரம், வழக்கமாக நூறு கெஜத்துக்கோ அதற்கு மேலோ வைத்திருக்கும். ரிம்ஃபயரில் ஐம்பது, அறுபது கெஜம். நூறு மீட்டருக்கு வைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில் 30 மீட்டர் முயலைப் பார்த்து, கண் ஓரத்துக்கு நகர்ந்தால் குறி 14 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். ஐம்பதுக்கு வைத்த 28 மி.மீ. கண்ணாடியில் அது 6 மி.மீ.கூட வராது. முயலின் தலை எவ்வளவு பெரிசு? காயத்தோடு ஓடவிடுவது எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று, ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்கும் மவுண்ட். இந்த ரைஃபிளின் மேலே 11 மி.மீ. டவ்டெயில் என்ற குறுகிய தடம் இருக்கிறது, அகலமான பிகாடினி தடத்துக்கான வளையம் அதில் உட்காராது. கடையில் இதை முதலில் சொல்லிவிடுங்கள். வளையம் தாழ்வாக இருப்பது நல்லது, ஆனால் போல்ட்டைத் தூக்கும்போது கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கிறதா என்று அங்கேயே தூக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.