திருமண நாளின் புகைப்பட நேரப் பட்டியல்

தங்கையின் திருமணத்திற்கான புகைப்பட நேரப் பட்டியலை மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதினேன். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும் என்பதால், மணமக்கள் தனியாக நிற்கும் படங்களுக்கு அந்த நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, எல்லோரும் இரவெல்லாம் தூங்காதவர்கள்போல் தெரிவார்கள் (அன்று அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்).

சிக்கல் குடும்பப் படங்களில்தான். ஒரு குழுவுக்கு 3 நிமிடம் என்றாலும் 15 குழுக்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும்; அதிலும் படம் எடுப்பதைவிட, காணாமற்போன சித்தப்பாவைத் தேடி அழைத்துவரவே அதிக நேரம் பிடிக்கும். ஆகவே குழுவாரியாகப் பெயர்களைத் தாளில் எழுதி, உறவினர் அனைவரையும் அடையாளம் தெரிந்த அத்தையிடம் கொடுத்திருக்கிறேன். அலங்காரத்துக்குச் சொன்ன நேரத்தோடு நான் அரை மணி நேரம் கூட்டி வைத்திருப்பது தங்கைக்குத் தெரியாது.