கறுப்புக் கல்லும் மஞ்சள் கல்லும்: மகளின் பித்தப்பைக்காக அலைந்த 9 மாதம்

மகளுக்குப் பித்தப்பையை எடுத்து இன்றோடு 16 நாள். தையல் ஆறிவிட்டது, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. 14 வயசுப் பிள்ளையை, "புரோட்டாவும் பஜ்ஜியும் தின்றுதான் கல் வந்தது" என்று 9 மாதமாகச் சொல்லிச் சொல்லி அழவைத்திருக்கிறோம். நானும்தான் சொன்னேன். அவள் தின்றதற்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஓபி சீட்டில் மலையாளம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒரு பக்கம் பாலக்காடு, இன்னொரு பக்கம் பொள்ளாச்சி, கோவை. முதலில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறது என்றாள். கேஸ் என்று ஒரு வாரம் ஓமத்தண்ணீர் கொடுத்தோம். அப்புறம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனால், காலையில் 2 இட்லி சாப்பிட்டிருந்தாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பித்தப்பை நிரம்பி நன்றாகத் தெரியுமாம். சாப்பிட்டால் சுருங்கிவிடும். 6 மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும் என்று சீட்டுக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பார்த்ததில் நிறையக் கல், பெரியது 7 மில்லிமீட்டர். கல் என்று காதில் விழுந்ததும் என் மாமியார் வாழைத்தண்டுச் சாறு பிழிய ஆரம்பித்துவிட்டார். அக்கம்பக்கத்திலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். அது கிட்னிக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். சிறுநீர் போகும் வழி வேறு, பித்தம் போகும் வழி வேறு. தண்டுச் சாறு பித்தப்பைக் கல்லை ஒன்றும் செய்யாது.

முதலில் பார்த்த டாக்டரிடம், என் அம்மாவுக்கும் 3 வருஷம் முன்னால் இதே ஆபரேஷன் நடந்தது என்று நானாகவே சொன்னேன். "குடும்பத்தில் இருக்கிறதல்லவா, அதேதான்" என்றார். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி, கல்லைக் கரைக்க உர்சோ மாத்திரை எழுதிக் கொடுத்தார். 3 மாதம் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். மறு ஸ்கேனில் அதே 7 மில்லிமீட்டர். ஏன் கரையவில்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துக் கோவையில் ஒரு சர்ஜன் உட்காரவைத்து விளக்கினார்.

அம்மாவுக்கு வந்தது கொலஸ்டிரால் கல். ஈரல் சுரக்கிற பித்தத்தைப் பித்தப்பை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. பித்தத்தில் கொலஸ்டிராலும் இருக்கும். அது தண்ணீரில் கரையாது. பித்த உப்பும் லெசித்தின் என்ற கொழுப்பும் சேர்ந்துதான் அதைக் கரைத்து வைத்திருக்கின்றன. கொலஸ்டிரால் அந்த அளவுக்கு மேல் மிஞ்சினால் துகளாகப் பிரிந்துவிடும். எங்கள் பக்கம் பனம்பாகில் நூல் கட்டி விட்டால் கல்கண்டு படியும் இல்லையா, அதுபோலப் பித்தப்பைக்குள் இருக்கும் சளியில் அந்தத் துகள் ஒட்டி வளர்கிறது. பையும் சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்கினால் கேட்கவே வேண்டாம். பிரசவம், உடல் பருமன், ஒரேயடியாக எடை குறைவது எல்லாம் இதற்குக் காரணம். அம்மாவுக்கு 4 பிரசவம். சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்து, பாதிப் பட்டினி கிடந்து 4 மாதத்தில் 12 கிலோ இளைத்திருந்தார். உர்சோ மாத்திரை வேலை செய்வது இந்த ஜாதிக் கல்லில் மட்டும்தான், அதுவும் சின்னதாக இருந்தால். என் மகளின் கல் வேறு ஜாதி.

அதைக் கண்டுபிடித்த கதைதான் பெரிய அலைச்சல். ஒருநாள் காலையில் அவள் கண் மஞ்சளாக இருந்தது. கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருக்கும் என்று பயந்து, குழாயைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். குழாயில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் பிலிருபின், அதாவது கண்ணை மஞ்சளாக்கும் பொருள், 3.1-க்கு ஏறியிருந்தது. அடுத்துப் பார்த்த டாக்டர் "இது மொத்தக் கணக்கு. நேரடி எவ்வளவு, மறைமுகம் எவ்வளவு?" என்று கேட்டார். லேப் தாளில் அது இல்லை. திரும்பப் போய்க் கவுண்டரில் கேட்டால், "சீட்டில் உள்ளதே தரான் பற்றூ" (சீட்டில் உள்ளதைத்தான் தர முடியும்) என்று தலை நிமிராமல் சொன்னார் அங்கிருந்தவர். சீட்டில் பிலிருபின் என்று மட்டும் எழுதியிருந்ததாம். முந்தின நாள் எடுத்த ரத்தத்தையும் கொட்டிவிட்டார்கள். மறுபடி சீட்டு, மறுபடி ஊசி. பிள்ளை கையை மடக்கிக்கொண்டு அழுதாள்.

அந்தப் பிரிவுக் கணக்கில்தான் விஷயமே இருந்தது. 3.1-இல் 2.6 மறைமுகம். ஈரல் பக்குவப்படுத்திப் பித்தத்தில் விடுவது நேரடி, ஈரல் இன்னும் பக்குவப்படுத்தாதது மறைமுகம். குழாய் அடைத்திருந்தால் நேரடிதான் ஏறியிருக்கும். மறைமுகம் ஏறினால், ஈரலால் சமாளிக்க முடியாத வேகத்தில் சிவப்பணு உடைகிறதா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் குறைவு, 9.2. சர்ஜன் பழைய தாளெல்லாம் கேட்டார். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்: மண்ணீரல் லேசாக வீங்கியிருக்கிறது. 8 மாதமாக என் பையிலேயே இருந்த தாள். எத்தனை மேஜையில் அதை விரித்து வைத்திருப்பேன், எல்லோரும் கல்லின் அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்கள்.

ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார்கள், இன்னும் 2, 3 சோதனையும் செய்தார்கள். பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ். சிவப்பணு நடுவில் குழிந்த தட்டுப்போல இல்லாமல் உருண்டையாக இருக்கும். 120 நாள் ஓட வேண்டியது மண்ணீரலில் சிக்கிச் சீக்கிரமே உடைந்துவிடும். உடைந்த ரத்தத்திலிருந்து வரும் பிலிருபின் பித்தத்தில் மிஞ்சி, கால்சியத்தோடு சேர்ந்து கறுப்புக் கல்லாகிறது. இதில் எண்ணெய்க்கு வேலையே இல்லை.

சர்ஜன் அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அவர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். சின்ன வயசில் அடிக்கடி மஞ்சள் காமாலை வரும், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அவருடைய ரத்தத்திலும் அதே உருண்டை அணுக்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மகள்தான் தட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு நாள் போனது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், கார்டில் முன்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கி வரும் வரைக்கும் அட்மிஷன் போடவில்லை. பிள்ளைகளின் பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மண்ணீரலை இப்போது எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்தால் முன்னாலேயே தடுப்பூசி போட வேண்டுமாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் தொடர்கிறது.

கல்லை வீசிவிடாதீர்கள் என்று சிஸ்டரிடம் முதல்நாளே சொல்லிவைத்திருந்தேன். சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் கல் இருக்கும் பாட்டிலையும் எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். அம்மாவுடையது கொண்டைக்கடலை அளவு, வெளிர் மஞ்சள். உடைந்த ஒன்றின் உள்ளே நடுவிலிருந்து கதிர்கதிராக மினுங்குகிறது. மகளுடையது இடித்த மிளகு மாதிரி, கரிக்கறுப்பு, ஓரமெல்லாம் கூர்கூராக. விரலால் அழுத்தியதும் ஒன்று பொடிந்தது.

பக்கத்துக் கட்டிலில் வாளையாறு பாட்டி ஒருவர் இருந்தார். அவருக்குப் பித்தப்பை எடுத்துப் பல வருஷம் ஆகியும் குழாயிலேயே புதுசாகக் கல். பழுப்பு நிறம், களிமண் மாதிரி மெத்தென்று இருந்ததாம். பித்தம் தேங்கிக் கிருமி சேர்ந்தால், அந்தக் கிருமி பிலிருபினைப் பிரித்துவிட்டு இப்படிக் கல் ஆக்குமாம். அவர் குளிர்காய்ச்சலோடு வந்தவர். வலி, மஞ்சள், நடுக்கத்தோடு காய்ச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள்.

சின்ன வயசுப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் என்றால் சிவப்பணு உடைகிறதா என்று நீங்களே கேளுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னால், ஏற்றுவதற்கு முன்னாலேயே சோதனைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்றிய ரத்தம் கலந்துவிட்டால் முடிவு குழம்பும். ஸ்கேன் தாளைக் கடைசி வரி வரைக்கும் யாரையாவது படிக்க வையுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். நேற்றுச் சின்னவனுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ஊசி போடும் முன்பே சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிலிருபின் என்றுதான் இருந்தது. டாக்டர் அறைக்குத் திரும்பப் போய், நேரடி, மறைமுகம் இரண்டும் என்று எழுதி வாங்கிய பிறகுதான் அவன் சட்டைக் கையை மடக்கிவிட்டேன்.